ஆயிரம் ரூபா அபராதம்: கட்டிடலாமா, கோர்ட்டுக்குப் போயிடலாமா?

சேலம், நாமக்கல் பக்கம் இப்போதெல்லாம் செல்போனில் மெசேஜ் சத்தம் கேட்டாலே வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு வயிறு கலங்குது. வண்டி நம்பரைப் போட்டு, இன்ன தேதி, இன்ன இடம், விதிமீறல், இவ்வளவு அபராதம் என்று வந்து நிற்கிறது. நாம செஞ்ச தப்புன்னா சரி. அன்னைக்கு அந்த ரோட்டுப் பக்கமே போகலைன்னா? அங்கதான் சிக்கல்.

முன்பு ஹெல்மெட் இல்லாமல் மாட்டினால் 100 ரூபாய். அதற்காக கோர்ட்டு படி ஏறணும்னு யாரும் நினைச்சதில்லை. மத்திய அரசு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியது. புது அபராதம் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதில் ஹெல்மெட்டுக்கு 1000 ரூபாய் ஆச்சு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5 ஆயிரம். இன்சூரன்ஸ் இல்லைன்னா முதல் தடவை 2 ஆயிரம், அடுத்த தடவை 4 ஆயிரம். செல்போன் பேசிக்கிட்டே ஓட்டினால் முதல் தடவை 1000, மறுபடி சிக்கினால் 10 ஆயிரம். அம்மாபேட்டையிலோ பள்ளிபாளையத்திலோ தறி ஓட்டுகிறவருக்கு இது சின்னக் காசு இல்லை.

சரி, எதிர்த்துப் போராடலாம்னு முடிவு பண்ணினால் என்ன ஆகும்? கேஸ் எந்த எல்லையில் போட்டாங்களோ அந்தக் கோர்ட்டில்தான் ஆஜராகணும். சங்ககிரியில் பிடிச்சால் சங்ககிரி, ஓமலூரில் பிடிச்சால் ஓமலூர். குற்றத்தை ஒத்துக்கிட்டால் அன்னைக்கே முடிஞ்சிடும். இல்லைன்னு சொன்னால் விசாரணை. கேஸ் போட்ட போலீஸ்காரர் வந்து சாட்சி சொல்லணும். அவர் அன்னைக்கு பந்தோபஸ்துக்குப் போயிருந்தால் வாய்தா. ரெண்டு வாய்தாவுக்கு அலைந்தாலே ரெண்டு நாள் கூலி போச்சு, பஸ் செலவு தனி. வக்கீல் வச்சால் அவர் பீஸ் அபராதத்தைத் தாண்டிடும். அதனால்தான் பாதிப் பேர் 'கட்டித் தொலைச்சிடலாம்' என்று தப்பே செய்யாமலும் கட்டிடுறாங்க.

ஆனால் கட்டுறதுக்கு முன்னால் ஒரு விஷயம் யோசிக்கணும். கட்டினால் தப்பை ஒத்துக்கிட்ட கணக்குத்தான். சலான் பதிவில் அது நிற்கும். நாளைக்கு அதே மாதிரி இன்னொரு கேஸ் வந்தால் ரெண்டாவது தடவை என்று சொல்லி கூடுதல் அபராதம் போடலாம். செல்போன் கேஸில் ஆயிரம் எங்கே, பத்தாயிரம் எங்கே! டிரைவர் தொழில் பண்றவங்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு. ஹெல்மெட் பிரிவிலேயே அபராதத்தோடு 3 மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கம் என்றும் சட்டத்தில் எழுதியிருக்கு. அபாயகரமாக ஓட்டியதாக 184-வது பிரிவு போட்டாலும் லைசென்சை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப போலீசாருக்கு அதிகாரம் உண்டு. அதனால் ரசீதில் தொகையை மட்டும் பார்க்காமல் எந்தப் பிரிவு என்பதையும் பாருங்க. சாதாரண 177-வது பிரிவு என்றால் 500 ரூபாயோடு போகும்.

எந்தக் கேஸ் நிற்கும், எது நிற்காது? எனக்குத் தெரிஞ்ச வரை நம்பர் மாறின கேஸ்தான் எதிர்க்க நல்ல கேஸ். கேமரா படத்தில் கடைசி எழுத்து சேறு படிஞ்சு தெரியாது. 3-ஐ 8 என்று அடிச்சால், வேலூர் 23 வண்டி செஞ்ச தப்பு நாமக்கல் 28 வண்டி தலையில் விழும். லாரிக்கு ஹெல்மெட் கேஸ் போட்ட கதையெல்லாம் நாம பேப்பரில் படிச்சதுதானே. இதுக்கு கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியதில்லை. பரிவாகன் இ-சலான் இணையதளத்தில் புகார் கொடுக்க வசதி இருக்கு. சேலம் மாநகருக்குள் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகம், வெளியில் என்றால் எஸ்.பி. அலுவலகம். ஆர்.சி. நகல், வண்டியின் போட்டோ வச்சு மனு கொடுத்து, கட்டாயம் ரசீது வாங்கிக்கணும்.

நாமக்கல் லாரிக்காரர்கள் பாடு இதைவிட மோசம். ஆன்லைன் அபராதம் பத்தி லாரி உரிமையாளர்கள் பல வருஷமா புலம்புறாங்க. வண்டி நாமக்கல்லில் பாடி கட்ட நிற்கும், அபராதம் மகாராஷ்டிராவில் இருந்து வரும். ஆயிரம் ரூபாய்க்காக யார் ரயில் ஏறுவது? ஆனால் இதைக் கட்டிட்டு விடுறது சரியில்லை என்பேன். நம்ம நம்பரை வேறொரு வண்டி மாட்டிக்கிட்டு ஓடுதுன்னு அர்த்தம் ஆகலாம். அந்த வண்டி நாளைக்கு ஆளை அடிச்சிட்டு ஓடினால் போலீஸ் வருவது நம்ம வீட்டுக்குத்தான். பாஸ்டேக் கணக்கை எடுத்தால் அந்த நேரத்தில் வண்டி எந்த டோல்கேட்டில் இருந்தது என்று மணி, நிமிஷத்தோடு இருக்கும். ஜி.பி.எஸ். பதிவு, லோடு பில், பட்டறை ரசீது எல்லாம் சேர்த்து உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அந்த நகலை அந்த மாநில போக்குவரத்து போலீசுக்கும் அனுப்பணும்.

அடுத்தது பேப்பர் கேஸ். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கு, கையில் இல்லை. இதுக்கு இன்சூரன்சே இல்லைன்னு 2 ஆயிரம் போட்டால் விடாதீங்க. செல்போனில் டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும் என்று 2018-ல் இருந்தே விதி இருக்கு. கையில் இல்லாத ஆவணத்தை 15 நாளுக்குள் கொண்டுபோய் காட்டவும் விதியில் இடம் இருக்கு. நிஜமாவே இன்சூரன்ஸ் இல்லைன்னா பேசாமல் கட்டிடுங்க. கோர்ட்டுக்குப் போனால் 3 மாதம் வரை ஜெயிலுக்கும் அந்தப் பிரிவில் வழி இருக்கு. வண்டி ஓட்டி ஒருத்தரை இடிச்சிட்டால் நஷ்டஈடு சொத்தையே கரைச்சிடும், அது தனிக் கதை.

கேமரா கேஸ் என்றால் 2021-ல் வந்த விதியைத் தெரிஞ்சு வச்சுக்கணும். விதிமீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் வரணும். படத்தில் நம்பர் பிளேட்டும், நடந்த தப்பும் தெளிவா தெரியணும். தேதி, நேரம், இடம் இருக்கணும். கேமராவுக்கு வருஷா வருஷம் புதுப்பித்த சான்று இருக்கணும். இதில் ஓட்டை இருந்தால் கோர்ட்டில் கேட்கலாம். இன்னொண்ணு, அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு 6 மாதத்துக்குள் கோர்ட்டு வழக்கை எடுத்துக்கணும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்லுது. பழைய சலானைத் தூசி தட்டி எடுத்து வந்தால் இதை எடுத்து வைக்கலாம். அதுக்காக சும்மா கிடக்கட்டும் என்று விட்டுடவும் முடியாது. எப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால் நிலுவை என்று திரையில் நிற்கும். 45 நாளுக்குள் கட்டணும் அல்லது எதிர்க்கணும் என்று 2025-ல் மத்திய அரசு வரைவு விதியே வெளியிட்டிருக்கு. அதனால் மெசேஜ் வந்த தேதியை முதலில் குறிச்சு வச்சுக்குங்க.

ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலே இருந்தது, பக்கத்துத் தெருவுக்குத்தான் போனேன், டார்கெட்டுக்காகப் பிடிச்சாங்க... இதெல்லாம் டீக்கடையில் எடுபடும். மாஜிஸ்திரேட்டு முன்னால் எடுபடாது. போய் நின்று தோற்றால் ஸ்பாட்டில் கேட்டதை விட அதிகம் விதிக்கவும் வாய்ப்பு உண்டு. குடிச்சிட்டு ஓட்டின கேஸில் இந்த யோசனைக்கே வேலை இல்லை. அதை ஸ்பாட்டில் கட்டி முடிக்க முடியாது, கோர்ட்டுக்குப் போயே ஆகணும். முதல் தடவை 10 ஆயிரம் வரை அபராதம், 6 மாதம் வரை ஜெயில். குடிக்கலைன்னா, ஊதச் சொன்ன கருவியின் சீட்டை அங்கேயே கேளுங்க. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால்தான் குற்றம்.

வித்த வண்டிக்கு பைன் வருதுன்னு வருகிறவங்களும் அதிகம். பேர் மாத்தாமல் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வண்டி அது. ஆர்.சி.யில் பேர் இருக்கிற வரைக்கும் மெசேஜ் உங்களுக்குத்தான். வித்த ரசீதும் வாங்கினவர் விலாசமும் இருந்தால் ஓட்டினது யாருன்னு எழுதிக் கொடுக்கலாம். அப்படியே பேரையும் மாத்திடுங்க. பையன் கையில் வண்டியைக் கொடுத்தவங்க கதை வேற. 18 வயசு ஆகாத பையன் ஓட்டினால் பெற்றவருக்கு அல்லது வண்டிக்காரருக்கு 25 ஆயிரம் ரூபாய், 3 வருஷம் வரை ஜெயில்.

கோர்ட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்ணினால் வக்கீல் கட்டாயம் இல்லை, நாமளே பேசலாம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், வருமானம் குறைஞ்சவங்களுக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். 15100-க்கு போன் பண்ணிக் கேட்கலாம். சமரசம் ஆகக்கூடிய கேஸ்களை லோக் அதாலத்தில் முடிக்கவும் வழி இருக்கு.

கடைசியா ஒண்ணு. வாட்ஸ்அப்பில் சலான் என்று சொல்லி ஏதாவது ஆப் இறக்கச் சொன்னால் கை வைக்காதீங்க. 2024-ல் இப்படித்தான் பல பேர் பேங்க் கணக்கைத் துடைச்சாங்க. வண்டி நம்பரை பரிவாகன் தளத்தில் நீங்களே அடிச்சுப் பாருங்க. அங்கே இருந்தால்தான் கேஸ்.