பவுணும் றாத்தலும்

போன மாசம் கண்டி டவுனில ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கிட்டு கலஹா பஸ்ஸில வீட்டுக்குப் போனேன். அம்மாயி பையிலிருந்து பாணைத் தூக்கின உடனேயே சொன்னாங்க: “இது றாத்தல் இல்லடா.”

தங்கச்சி கேக் செய்ய வாங்கின சின்னத் தராசில வச்சுப் பார்த்தேன். 392 கிராம்.

அம்மாயி முப்பது வருசத்துக்கு மேல கொழுந்து பறிச்சவங்க. அவங்க வேலைக்குச் சேர்ந்தப்போ கொழுந்து நிறுத்தது றாத்தலில்தான். பிறகு கிலோ வந்தது, ஆனா அந்தக் கைக்கு இன்னும் றாத்தல் தெரியும்.

றாத்தல் என்பது ஆங்கிலத்தில பவுண்ட், ஏறக்குறைய 453.6 கிராம். லத்தீனில் ‘லிப்ரா போண்டோ’ என்றால் எடையில் ஒரு லிப்ரா. ஆங்கிலம் பின்பாதியைப் பிடிச்சு பவுண்ட் என்றது. முன்பாதி, எல்பி என்று எழுதுகிறோமே, அந்தச் சுருக்கத்தில ஒளிஞ்சிருக்கு. லிப்ராவோட உறவுச் சொல் கிரேக்கத்தில் லித்ரா. அதிலிருந்து வந்ததுதான் அரபு ‘ரத்ல்’ என்று சொல்லாய்வாளர்கள் சொல்றாங்க. அரபுச் சொல் போர்த்துக்கீசியத்தில் ‘அர்ராத்தெல்’ ஆச்சு, நம்ம வாயில றாத்தல். (பால் வாங்குற லீட்டரும் இதே லித்ராவோட பேரப்பிள்ளைதான்.) பாணும் போர்த்துக்கீசியச் சொல்தான். ‘இதெல்லாம் தமிழா?’ என்று முகம் சுளிக்கிறவங்க இருக்காங்க. எனக்கு அதில கவலையே இல்ல. காலையில சம்பலோட சாப்பிடுற சாமானுக்கு நம்ம பேர் அது.

என் கவலை வேற. அந்த பவுண்ட்டும் நம்மகிட்ட வந்திருக்கு, ஆனா பேக்கரிக்கு வரல, நகைக்கடைக்குப் போயிட்டுது. ஆதியில ஒரு பவுண்ட் எடை வெள்ளியின் மதிப்புதான் இங்கிலாந்தின் பவுண்ட் காசு. பிறகு ஒரு பவுண்ட் பெறுமதியான தங்க நாணயம் வந்தது. அதுதான் நம்ம பவுண், 8 கிராம். நகைக்கடையில அதை மில்லிகிராம் வரைக்கும் நிறுத்துக் காட்டுறாங்க. பாணுக்குத் தராசே இல்ல.

சட்டம் இல்லாம இல்ல. 2024 பெப்ரவரியில வந்த வர்த்தமானி அறிவித்தல்படி ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம். முழுப் பாணில 13.5 கிராம் வரைக்கும் குறையலாம். என் பாணில குறைஞ்சது 58 கிராம்.

இதே மலையில கொழுந்து நிறுக்குற இடத்துக்குப் போய்ப் பாருங்க. சாக்குக்குக் கழிவு, இலையில ஒட்டின தண்ணிக்குக் கழிவு. சொன்ன கிலோ பறிக்கலன்னா அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். விக்கிறப்போ கிராம் கிராமா கழிச்சுக் கொடுத்த சனம், வாங்குறப்போ மட்டும் ஏன் கண்ணால பார்த்துத் திருப்திப்படணும்?

மறுநாள் அதே கடைக்குப் போய், நிறுத்துத் தாங்க என்றேன். கடைக்காரர் சிரிச்சார். “தம்பி, றாத்தல் பாண்னா இந்த சைஸ்தான்.”

அவர் என்னை ஏமாத்தணும்னு அப்படிச் சொன்னதா எனக்குத் தோணல. அவருக்கு றாத்தல் என்பது ஒரு எடையே இல்ல, ஒரு தகர அச்சு. எனக்கும் அம்மாயி சொல்ற வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்ப பாண் வாங்கப் போறப்போ தங்கச்சியோட தராசையும் பையில போட்டுக்கிறேன். கடைக்காரருக்கு என்னைப் பிடிக்கல. பின்னால வரிசையில நின்ன ஒரு அக்கா மட்டும், “அதில இதையும் வை தம்பி” என்று தன்னோட பாணை நீட்டினாங்க.