விசாரணை முடியும் முன்பே பெண் மீது பழியா?



2025 பிப்ரவரி 17. கனடாவின் டொரண்டோ விமான நிலையம். பறக்கும் பனித்தூள், ஓடுபாதைக்குச் சாய்வாக மணிக்கு 65 கிலோமீட்டர் வரை வீசிய காற்று. மினியாபொலிஸில் இருந்து வந்த டெல்டா நிறுவனத்தின் சிறிய ரக ஜெட் தரையில் மோதி, வலது இறக்கை பிய்ந்து, தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே இருந்த 80 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

விசாரணை முடியவே இல்லை. அதுக்குள்ள இணையத்தில் தீர்ப்பு எழுதிட்டாங்க. துணை விமானி பெண்ணாம், அதனாலதான் விபத்தாம்! பயிற்சியில் தோற்றவர்னு ஒரு வதந்தி வேற. விமான நிறுவனமே அதைப் பொய் என்று மறுத்தது.

ஆமாம், அன்று விமானத்தை இயக்கியவர் துணை விமானிதான். தவறு இருந்தால் விசாரணை சொல்லட்டும், ஏற்றுக்கொள்வோம். ஆனால் மார்ச்சில் வந்த முதற்கட்ட அறிக்கை என்ன சொல்கிறது? நிமிடத்துக்குச் சுமார் 1,100 அடி வேகத்தில் இறங்கி, வலது சக்கரம் முதலில் மோதி, அதைத் தாங்கும் பாகம் உடைந்தது. 600 அடியைத் தாண்டினாலே அது கடினமான தரையிறக்கம். ஏன் அவ்வளவு வேகம்? காற்றா, பயிற்சியா, இயக்கிய முறையா? அதைத்தான் கேட்கணும். பெண் என்பது விபத்துக்குக் காரணம்னு அந்த அறிக்கையில் ஒரு வரி கூட கிடையாது.

ஆண் விமானி ஓட்டிய விமானம் விழுந்தப்ப, 'ஆம்பளைக்கு வேலை கொடுத்ததுதான் தப்பு'ன்னு யாராவது சொன்னதுண்டா?

இது தற்செயல் இல்லை. அதே ஆண்டு ஜனவரி 29-ல் வாஷிங்டனில் 67 பேர் இறந்த விபத்துக்கு, மறுநாளே ஆதாரம் ஏதுமின்றி எல்லாத் தரப்பினருக்கும் வேலை கொடுக்கும் கொள்கையைக் கைகாட்டியவர் அதிபர் டிரம்ப்.

நமக்கு இது புதுப்பாட்டா? 'தகுதி போச்சு, திறமை போச்சு'ன்னு இடஒதுக்கீட்டுக்கு எதிரா இங்க பாடின அதே பாட்டுதான். உலகில் பெண் விமானிகள் சுமார் 5 சதவீதம், இந்தியாவில் சுமார் 15 சதவீதம். அவங்க ஓட்டுற விமானத்துல தினமும் பத்திரமா வந்து இறங்குறவங்கதான், வாட்ஸ்அப்ல தகுதி பத்தி பாடம் எடுக்கிறாங்க!

பழியை ஒரு பெண் தலையில் போட்டா, பயிற்சி, பராமரிப்பு பற்றிய கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த விமானத்தில் ஏறுபவர்களுக்குத்தான் ஆபத்து.

அப்படி ஒரு ஃபார்வர்டு வந்தா சும்மா விடாதீங்க தோழர்களே. ஒரே கேள்வி கேளுங்க: ஆதாரம் எங்கே?

#ஆதாரம்_எங்கே