ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

சம்பள நாள். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே உள்ள சூளகிரியின் கடைவீதி கலகலப்பாக இருக்கிறது. தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கும் தொழிலாளி, கொத்தமல்லிக் கட்டை விற்று முடித்த விவசாயி, டீக்கடைக்காரர் - எல்லோர் மடியிலும் நாலு காசு புரளும் வேளை.

அந்த வேளை பார்த்து ஒருவர் வருகிறார். கையில் ரசீதுப் புத்தகம். அட்டையில் அழுகிற குழந்தையின் படம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் உருக்கமாகப் பேசுகிறார். நூறு ரூபாய் கை மாறுகிறது. ரசீதில் இருப்பதோ பெங்களூர் முகவரி! அங்கே அப்படி ஓர் இல்லம் இருக்கிறதா? யார் போய்ப் பார்த்தார்கள்?

"வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது, கணக்குக் கேட்டால் புண்ணியம் போய்விடும்" என்பார்கள் சிலர். கொடுத்தவர் தம் பெயரைப் பறைசாற்றக் கூடாது என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. வாங்கியவர் கணக்கை மறைக்கலாம் என்று அதற்குப் பொருள் அல்ல. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று சொன்னவர்களும் நம் முன்னோர்தானே?

காந்தியடிகள் 1894-ல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியர் காங்கிரஸைத் தொடங்கினார். வசூலான பணத்துக்கெல்லாம் ரசீது கொடுத்தாக வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். சரியான கணக்கு இல்லாத இடத்தில் உண்மை நிலைக்காது என்பது அவர் கொள்கை. மகாத்மாவே கணக்கு வைத்தார் என்றால், மற்றவரிடம் கணக்குக் கேட்பது எப்படி அவமானமாகும்?

பெரிய பெயரை மட்டும் நம்புவதும் போதாது. 2010-ல் ஹெய்தி நாட்டைப் பூகம்பம் உலுக்கியது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஏறத்தாழ 50 கோடி டாலர் குவிந்தது. அந்தப் பணத்தில் அது கட்டிய நிரந்தர வீடுகள் ஆறே ஆறுதான் என்று 2015-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். வேறு பல வழிகளில் உதவினோம் என்று சங்கம் பதில் சொன்னது. "எவ்வளவு சேர்ந்தது?" என்பதைவிட "என்ன வேலை நடந்தது?" என்பதே நல்ல கேள்வி.

பெரிய கம்பெனிகளுக்குச் சட்டமே காவல் நிற்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி அவை சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைத் தொண்டு ஸ்தாபனத்தின் மூலம் செய்தால், அந்த ஸ்தாபனம் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 2021 முதல் விதி. நூறு ரூபாய் கொடுக்கும் தொழிலாளிக்கு யார் காவல்? அவருடைய கண்ணும் வாயும்தான்!

கேட்க வேண்டியது அதிகமில்லை. பதிவு எண் என்ன? தணிக்கை செய்த கணக்கு எங்கே? தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கம், ஆண்டுதோறும் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். '80-ஜி' என்று பெயர் பெற்ற வரிச் சலுகை உண்டு என்றால், வருமான வரித் துறையின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. குழந்தைகள் இல்லம் என்றால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு கட்டாயம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.

பதிவு இருப்பதாலேயே யோக்கியம் வந்துவிடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. சமையல்காரருக்கும் நர்ஸுக்கும் கொடுக்கும் சம்பளத்தைக் கண்டு வீண் செலவு என்று கோபிக்கவும் வேண்டாம். அவர்கள் இல்லாமல் இல்லம் ஏது?

போலி வசூல்காரர் பறிப்பது கொடுத்தவரின் காசை மட்டுமல்ல. எங்கோ ஓர் உண்மையான இல்லத்தில் தட்டோடு காத்திருக்கும் குழந்தையின் சோற்றை! ஒரு தடவை ஏமாந்தவர் அடுத்து வரும் நல்லவருக்கும் கையை மூடிக்கொள்கிறார்.

ஆகவே, கணக்குக் கேட்டதும் முகம் சுளிக்கிறவருக்குக் கும்பிடு போட்டு அனுப்புங்கள். கணக்கை எடுத்து நீட்டுகிறவருக்கோ, நினைத்ததைவிடப் பத்து ரூபாய் கூடவே கொடுங்கள்!