ஒத்த பேஸ்ல ஓடுற பட்டறைக்கும் ஒரு கணக்கு வேணும்



போன வாரம் ராயகிரியில ஒரு அண்ணாச்சி கூப்பிட்டு, "தம்பி, நீ இன்ஜினியரிங் படிச்சவம்லா, இந்த மோட்டாருக்கு ஒரு கெபாசிட்டர் போட்டு ஓட வச்சிரு"ன்னாரு. வீட்டுப் பின்கட்டுல செகண்ட் ஹேண்ட்ல வாங்கின லேத். 2 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். வீட்டு இணைப்பு சிங்கிள் பேஸ். பம்புசெட் ஷாஃப்ட், புஷ், டிராக்டர் பின், இதெல்லாம் கடைஞ்சு குடுக்குறாரு. அவர் இல்லேன்னா விவசாயி ராஜபாளையத்துக்கு வண்டி ஏறணும்.

கெபாசிட்டர் வித்தை நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. தோட்டத்துல டூ பேஸ் கரண்ட் வர்ற நேரத்துல அதைப் போட்டுத்தான் மோட்டாரை ஓட்டினாங்க. எத்தனை காயில் கருகுச்சுன்னு ரீவைண்டிங் கடைக்காரர்கிட்ட கேளுங்க! ஒரு கெபாசிட்டர் அளவு ஒரு லோடுக்குத்தான் பொருந்தும். லேத்துல வெட்டு ஆழமாகும், குறையும். லோடு மாறினா மூணு காயிலுக்கும் கரண்ட் சமமாப் போகாது, சூடேறும். மோட்டாரோட முழு பலமும் கிடைக்காது.

அதனால நான் வி.எஃப்.டி. டிரைவ் போடச் சொன்னேன். உள்ளே 230 வோல்ட் சிங்கிள் பேஸ் வாங்கும். அதை டி.சி. ஆக்கி, மறுபடியும் மூணு பேஸா வெட்டி வெளியே 230 வோல்ட்டாத் தரும். ஸ்டார்ட்டிங்ல வீட்டு லைட் மங்காது, ஸ்பீடையும் கூட்டிக் குறைக்கலாம். மோட்டார் பிளேட்டை மட்டும் முதல்ல பாருங்க. 415 வோல்ட் ஸ்டார்னு இருந்தா, டெர்மினல் பாக்ஸ்ல ஆறு முனையும் வெளியே வந்திருந்தா, டெல்டாவுக்கு மாத்தி 230-ல ஓட்டலாம். 415 டெல்டான்னு இருந்தா இந்த டிரைவ் சரிப்படாது. அப்புறம், ஆஃப் பண்ணின உடனே டிரைவைத் திறந்து கை வைக்காதீங்க. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும்.

"சிங்கிள் பேஸ் மோட்டாரே வாங்கிட்டா என்ன?"ன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். பழைய மில்லுல இருந்து கைமாறி வர்ற மெஷின்ல பெரும்பாலும் த்ரீ பேஸ்தான் இருக்கு. அவர் கையில இருந்த காசு லேத்துக்கே போயிருச்சு.

சரி, மோட்டார் ஓடிருச்சு. ஆனா அண்ணாச்சி முகத்துல பயம் போகல. அவர் பயந்தது மோட்டாருக்கு இல்ல, மீட்டருக்கு.

டிரைவ் பேஸை மாத்தும், மின் இணைப்போட வகையை மாத்தாது. வீட்டு இணைப்புல தொழில் பண்ணினா, மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126 வரும். உரிய கட்டணத்துல ரெண்டு மடங்கு கணக்குப் போடுவாங்க. எப்ப இருந்து ஓட்டுறாருன்னு தெரியலேன்னா பின்னோக்கி 12 மாசத்துக்குப் போடலாம். ஒரு பட்டறையை மூட இது போதும். மறைச்சு ஓட்டுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம கட்சிக்காரன் யாரும் சொல்லக் கூடாது.

வழி ஏற்கெனவே இருக்கு. 12 கிலோவாட் வரைக்கும் குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு 3-ஏ1 கட்டணம் இருக்கு. 4 கிலோவாட் வரை சிங்கிள் பேஸ்லயே இணைப்பு வாங்கலாம். 3 எச்.பி. மோட்டார் சுமார் 2.2 கிலோவாட்தான். அதாவது, சிங்கிள் பேஸ்லயே தொழில் இணைப்பு, அதுல ஒரு டிரைவ், கதை முடிஞ்சது. இதை எத்தனை பட்டறைக்காரர்கிட்ட யார் சொல்லியிருக்கா? வைப்புத்தொகை, வளர்ச்சிக் கட்டணம், ஒரே வீட்டுல ரெண்டாவது மீட்டர்னு அலையணும்னு நினைச்சே ஆளுக பின்வாங்குறாங்க.

1990-ல இருந்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட் இலவசமா இருந்தது, 2023-ல 1000 ஆச்சு. கைத்தறிக்கு 200-ல இருந்து 300. ரெண்டும் நியாயம், நான் குறை சொல்லல. எந்த ஆட்சி குடுத்துச்சுன்னு இந்தப் போஸ்ட்ல சண்டை போடவும் வேண்டாம். ஆனா அந்தத் தறிக்கு ராடு கடையுறவருக்கும், அந்தக் கிணத்து மோட்டாருக்கு புஷ் போடுறவருக்கும் ஏன் ஒரு யூனிட்கூட இல்ல? தறிக்காரருக்குச் சங்கம் இருக்கு, விவசாயிக்குச் சங்கம் இருக்கு. பின்கட்டுல ஒத்தையா லேத் ஓட்டுறவருக்கு யாரு?

நாம கேட்கிறது மூணு. வீட்டோட இருக்கிற 3 எச்.பி. வரையிலான பட்டறைக்கு, வளர்ச்சிக் கட்டணம் இல்லாம தனி மீட்டர். தானா முன்வந்து மாறுறவங்களுக்கு ஒரு தடவை மட்டும் பழைய அபராதம் போடாம விலக்கு. டிரைவ் வாங்க மானியம். மூணாவதுல எனக்கே கொஞ்சம் தயக்கம் உண்டு, மானியம்னு சொன்னாலே மட்டமான சரக்கு உள்ளே வரும். முதல் ரெண்டும் நடந்தாலே அண்ணாச்சி நிம்மதியாத் தூங்குவாரு.

தேர்தல் அறிக்கைக் குழுவுக்கு இதை எழுதி அனுப்பப் போறேன். வெறும் கோரிக்கையா அனுப்பினா குப்பைக்குத்தான் போகும், கணக்கோட போகணும். தென்காசி மாவட்டத் தோழர்கள் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கம் உங்க தெருவுல எத்தனை வீட்டுப் பட்டறை, என்ன தொழில், எத்தனை எச்.பி., இது மட்டும் கமெண்ட்ல போடுங்க. பேரு, சர்வீஸ் நம்பர் எதுவும் போட்டுராதீங்க, யாரையும் மாட்டி விட்ற வேண்டாம்.

#பின்கட்டுப்_பட்டறைக்கும்_மின்சாரம்