தைலமரக் காட்டில் டேப் பிடிக்க யார் வர்றீங்க?

எங்க ஊர் நேமத்தான்பட்டிக்கு வந்தால் பழைய நகரத்தார் வீட்டு பர்மாத் தேக்குத் தூண் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்காமல் போகமாட்டீங்க. தூணின் உயரத்தை டேப் வைத்து அளந்துடலாம். அது மரமாக நின்ற காட்டின் உயரத்தை எப்படி அளப்பீங்க?

அடர்ந்த காட்டுக்குள் நின்றால் உச்சி தெரியாது, மேலிருந்து பார்த்தால் தரை தெரியாது. லேசர் நல்ல கருவிதான், ஆனால் மேகம் வந்தால் அவ்வளவுதான். ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. 3 செ.மீ. அலை பெரும்பாலும் மேல் இலைகளிலேயே திரும்பிவிடும். 24 செ.மீ. நீளமுள்ள எல்-பேண்ட் அலை கிளைகளுக்குள் புகுந்து தரையையும் தொட்டு வரும். விமானம் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு பாதையில் பறக்கும். இரண்டு பதிவுக்கும் உள்ள ஃபேஸ் வித்தியாசத்தில்தான் உயரம் ஒளிந்திருக்கிறது. எது தரை, எது இலை என்று பிரிக்கப் போலரைசேஷன் உதவும். ('இதெல்லாம் எங்கே சார் யூஸ் ஆகும்?' என்று கேட்ட இசிஇ நண்பர்கள் கவனிக்க.)

2016ல் ஆப்பிரிக்காவின் காபோன் காடுகள் மேல் இப்படித்தான் பறந்தார்கள். ஆஃப்ரிசார் என்று பெயர். நாசாவின் ரேடார் விமானம் சுமார் 12 கி.மீ. உயரத்தில், 10 மீட்டர் விட்டமுள்ள கற்பனைக் குழாயை விட்டு விலகாமல் ஆட்டோபைலட்டில் போகும். அந்தக் காடுகளில் கீழே ஆட்கள் மரம் மரமாக அளந்த கணக்கும் இருந்தது. அதுதான் முக்கியம். ஏன்னா ரேடார் தருவது நேரடி அளவு இல்லை, ஒரு மாடல் போட்டு எடுத்த விடை. இரண்டு பறப்புக்கு நடுவில் காற்றடித்து இலை அசைந்தாலே போதும், மரம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும்.

2025 ஜூலை 30ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நைசார் போயிருக்கிறது. எல்-பேண்ட் நாசாவுடையது, எஸ்-பேண்ட் நம்ம இஸ்ரோவுடையது. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். டேட்டா இலவசம். நாமும் இறக்கி, பைத்தானில் ஓட்டி, கலர் மேப் போட்டு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முடிந்தது என்று பைண்டிங்குக்குக் கொடுத்துடுவோம். என் சண்டையே இங்கேதான்.

50 மீட்டர் மரத்தில் 3 மீட்டர் பிழை வந்தால் பெரிய விஷயமில்லை. நம்ம பக்கத்துச் சீமைக் கருவேலம் புதரில் 3 மீட்டர் பிழை என்றால் மொத்த மரமும் அதற்குள் போயிடும்! உயரத்தை வைத்துத்தான் காட்டின் எடையையும் அது பிடித்து வைத்திருக்கும் கார்பனையும் கணக்கிடுகிறார்கள். காபோனுக்குச் சரியாக வந்த சூத்திரத்தைச் சிவகங்கைச் சீமையில் அப்படியே போட்டால், நம்ம வறண்ட காட்டுக்குக் கிடைப்பது தப்பான கணக்கு. அதைச் சரிபார்க்க யாராவது மரத்தடியில் போய் நிற்கணும். வெளியூரிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

இதற்கு லேப் தேவையில்லை. வரிசையாக, ஒரே வயதில் நிற்கும் தைலமரத் தோப்பில் ஆரம்பிக்கலாம். மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று, போனில் கோணம் பார்த்து, டேன் போட்டு, கண் உயரத்தைக் கூட்டினால் முடிந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு. வனத்துறை இடம் என்றால் அனுமதிக் கடிதம் வேணும், அதற்கு எச்ஓடி கையெழுத்து வேணும். மரம் அளப்பதைவிட அதுதான் கஷ்டம்.

30 மீட்டர் டேப் என்னிடம் இருக்கு. மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னாடி.