வரிப் பதிவு: வீடே போதும்!

இணையத்தில் பொருள் விற்கத் தொடங்கும் சிலர், "புதுச்சேரி முகவரியில் பதிவு செய்தால் வரி குறையுமே" என்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2017 ஜூலை 1 முதல் ஒரு பொருளுக்கு இரண்டு இடத்திலும் ஒரே ஜி.எஸ்.டி. விகிதம்தான். வருமான வரியும் அப்படியே.

சொல்லப்போனால், மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்போருக்குத் தமிழகத்தில் ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாய் வரை பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் 20 லட்சம்தான். வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் பொதுவாக இரண்டு இடத்திலும் பதிவு கட்டாயம்.

பெயருக்கு ஒரு முகவரி கொடுத்து, அங்கு வியாபாரமே நடக்கவில்லை என்று தெரிந்தால் பதிவு ரத்தாகலாம். கம்ப்யூட்டரும் சரக்கும் வீட்டில்தானே இருக்கின்றன? அந்த முகவரியிலேயே பதிவு செய்யுங்கள். சொந்த வீடென்றால் மின் கட்டண ரசீதே சான்று.