எந்த ஃபிரேம்வொர்க்கிலும் ஓடும் டேக் உண்டா?

“டேக் லைப்ரரி ஜேஎஸ்பி தரநிலையில் உள்ளது. ஒருமுறை எழுதிவிட்டால் ஸ்ட்ரட்ஸ், ஸ்பிரிங், ஜேஎஸ்எஃப் என்று எதில் வேண்டுமானாலும் ஓடும்.” ஜாவா வெப் வட்டாரத்தில் பலகாலமாகப் புழங்கும் வாதம் இது. தரநிலையில் உள்ளது என்பது சரி. எதிலும் ஓடும் என்பது தவறு.

ஒரு டேக்கை சர்வர் எப்படி அழைக்க வேண்டும் என்பதைத்தான் அந்தத் தரநிலை வகுக்கிறது. டேக்குக்கு வேண்டிய டேட்டா எங்கிருந்து வரும் என்பது அதன் கவலையே அல்ல. வினையே அங்குதான். ஸ்ட்ரட்ஸ் 1-இன் டெக்ஸ்ட் டேக், தன்னைச் சுற்றியுள்ள ஃபார்ம் டேக் எடுத்துவைத்த ஃபார்ம் பீனைத் தேடுகிறது. ஸ்ட்ரட்ஸ் 2-இல் அதே வேலைக்கான டேக், ஓஜிஎன்எல் வழியாக வேல்யூ ஸ்டாக்கைத் துழாவுகிறது. 2006-இல் ஸ்பிரிங் 2.0 கொண்டுவந்த ஃபார்ம் டேக்குகளோ, கன்ட்ரோலர் மாடல் ஆப்ஜெக்ட்டை அனுப்பாவிட்டால் எக்செப்ஷன் வீசுகின்றன. மூன்றும் உலாவியில் வரைவது ஒரே எழுத்துப் பெட்டியைத்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது.

“அப்படியானால் ஜேஎஸ்டிஎல் மட்டும் எப்படி எல்லாவற்றிலும் ஓடுகிறது?” என்பார்கள். 2002-இல் வந்த அது எந்த ஃபிரேம்வொர்க்கையும் அறியாது. பேஜ், ரிக்வெஸ்ட், செஷன், அப்ளிகேஷன் ஆகிய நான்கு இடங்களில் கிடைப்பதைப் படிக்கும். அதுவும் ஜேஎஸ்எஃப்-இல் தடுமாறுகிறது. 2009-இல் வந்த ஜேஎஸ்எஃப் 2.0 முதல் பக்கங்களுக்கு ஃபேஸ்லெட்ஸ்தான் இயல்பான வழி. சாதாரண ஜேஎஸ்பி டேக்குகள் அதில் ஓடவே ஓடாது. ஜேஎஸ்டிஎல்-இல் சிலவற்றை மட்டும் ஃபேஸ்லெட்ஸ் தானே மறுபடி எழுதி வைத்திருக்கிறது. அவை இயங்குவதோ கம்போனென்ட் மரம் கட்டப்படும்போது. டேட்டா டேபிளுக்குள் இஃப் டேக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு வரிசைக்கும் அது நிபந்தனையைச் சோதிக்காது, பிழைச் செய்தியும் வராது. என்னைக் கேட்டால் எக்செப்ஷனே மேல்.

ஃபிரேம்வொர்க்கை மாற்றாதவர்களும் தப்பவில்லை. 2020-இல் ஜகார்த்தா ஈஈ 9, ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்களை ஜகார்த்தா என்று மாற்றியது. பழைய டேக் ஜார் எதையும் உருமாற்றாமல் டாம்கேட் 10-இல் ஓட்ட முடியாது.

பகிர்ந்துகொள்ளும் டேக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேண்டியதையெல்லாம் அட்ரிபியூட் வழியாக வாங்கிக்கொண்டு எச்டிஎம்எல்லை மட்டும் எழுதும் டேக், அந்தப் பேக்கேஜ் பெயர் மாற்றத்தைச் சரிசெய்துவிட்டால், ஜேஎஸ்பி உள்ள இடமெங்கும் பிழைக்கும். உங்கள் டேக்கின் இம்போர்ட் வரிகளைத் திறந்து பாருங்கள். அங்கே ஸ்ட்ரட்ஸ் என்றோ ஸ்பிரிங் என்றோ பெயர் தென்பட்டால், இடமாற்றத் திட்டத்தில் அந்த டேக்குகளை மறுபடி எழுதுவதற்கும் நாள் ஒதுக்குங்கள்.